என்ன படம் என்று யார் சொல்வது?

இறந்த விசுவாசிகளுக்காகத் திருச்சபை சிறப்பாக மன்றாடும் நவம்பர் மாதத்தின் ஒரு மாலையில் இளைஞர் ஒருவர் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவருடைய தாயார் கைப்பிடித்து அழைத்து வந்திருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் சிவகாசிக்கு அருகே, 'பயர் ஆபீஸ்' என்று நம் மக்கள் வழங்கும் பட்டாசு ஆலை ஒன்றில் மருந்துக் கலவை அறை வெடித்தது. அதில் அவர் இரு கண்களையும் இழந்தார். உடன் வேலை செய்த அவருடைய சித்தப்பா மகன் உயிரையே இழந்தார்.

அவ்விபத்தில் மாண்டோருக்கான ஆண்டு நினைவுத் திருப்பலியை அதற்கு முந்தின நாள்தான் நிறைவேற்றியிருந்தோம். ஒரு வாரத்துக்கு முன்பே அறிவிப்பு பங்கின் வாட்ஸ்அப் குழுவிலும் இணையதளத்திலும் வெளியாகியிருந்தது. எரியும் மெழுகுதிரி, மாண்டோரின் நிழற்படங்கள், பெயர்கள், நாள், நேரம் ஆகிய அனைத்தும் வண்ணத்தில் அமைந்த ஒரே படம் அது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். குழுவில் போட்டாயிற்று என்ற நினைப்பில் ஞாயிறு அறிவிப்பில் அதை வாசிக்க நாம் மறந்துவிட்டோம்.

திருப்பலிக்கு ஏன் வரவில்லை என்று அவ்விளைஞரைக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியல சாமி. போன் 'படம்'னு மட்டுந்தான் சொல்லுச்சு. என்ன படம்னு சொல்லல. தினமும் வர்ற காலை வணக்கப் படமா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

தம்பியின் பெயரும் முகமும் அவருடைய கைக்குள் இருந்த கருவிக்கே வந்து சேர்ந்திருந்தன. அவை அவரைச் சென்றடையாதபடி தடுத்தவர்கள் நாமே. அன்று இரவு நமக்கு எழுந்த வெட்கத்திலிருந்தே இக்கட்டுரை பிறக்கிறது. இது பிறர் மீதான குற்றச்சாட்டு அல்ல, முதலில் நம் பாவ அறிக்கை. ஆனால் இந்தக் குற்றம் ஒரு பங்கோடு நின்றுவிடவில்லை என்பதால், உரக்கவே பேச வேண்டியுள்ளது.

பெட்டியும் லேபிளும்

பார்வையற்றோர் கணினியையும் கைப்பேசியையும் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பதை நம்முள் பலர் அறியார். திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள்கள் உண்டு. திரைவாசிப்பான் என்று அவற்றைச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் 2006-இல் உருவாகத் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக்கும், ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவரும் உண்டு. தமிழையும் இன்று அவை வாசிக்கின்றன.

எழுத்தை அவை வாசிக்கும். படத்தைக் கண்டால், படத்துக்குப் பின்னே யாரேனும் எழுதி வைத்த விளக்கத்தைத் தேடும். மாற்றுரை எனப்படுவது இதுவே. அது இருந்தால் குரல் அதைச் சொல்லும். இல்லையேல் 'படம்' என்று சொல்லி நகர்ந்துவிடும். சில வேளைகளில் கோப்பின் பெயராகிய எண்களை ஒவ்வொன்றாக ஒப்பித்துக் கேட்பவரைக் களைப்படையச் செய்யும். வண்ணப் படத்துக்குள் எழுதப்பட்ட எழுத்தும் திரைவாசிப்பானுக்கு எழுத்து அல்ல, படமே. இந்த உண்மையைத்தான் நாம் அறியாதிருந்தோம்.

சிவகாசிக்காரருக்கு இதை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டியதாயிற்று. லேபிள் அச்சிடப் புகுந்த ஊர் அச்சுத் தொழிலின் தலைநகர்களில் ஒன்றாயிற்று. கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர்களின் படங்கள் இவ்வூர் அச்சகங்கள் வழியே தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களில் ஏறின. இன்றும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகளை இவ்வூர் அச்சகத்தார் வெளியிடுகிறார்கள். நம் இல்லங்களில் தொங்கும் சகாய அன்னையும் திரு இருதய ஆண்டவரும் பெரும்பாலும் இங்கிருந்தே புறப்பட்டவர்கள்.

லேபிள் ஒட்டாத பெட்டியை இவ்வூரில் எவரேனும் கடைக்கு அனுப்புவாரா? உள்ளே இருப்பது சரவெடியா, புஸ்வாணமா, கம்பி மத்தாப்பா என்று தெரியாத பெட்டியை எவரேனும் வாங்குவாரா? மாற்றுரை இல்லாத படம் பார்வையற்றவருக்கு லேபிள் இல்லாத பெட்டி. உலகுக்கெல்லாம் லேபிள் அச்சிட்டுத் தந்த மண்ணிலிருந்து நாம் நாள்தோறும் அத்தகைய பெட்டிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

வழியோரத்தில் கேட்ட கேள்வி

லூக்கா நற்செய்தியில் (18:35-43) எரிகோவுக்கு அருகே வழியோரம் அமர்ந்திருந்த பார்வையற்றவரை நாம் நன்கு அறிவோம். அவர் பெற்ற நலத்தைக் குறித்து எத்தனையோ மறையுரைகள் ஆற்றியுள்ளோம். ஆனால் நலம் பெறுவதற்கு முன் நடந்ததை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

மக்கள் கூட்டம் கடந்து செல்லும் ஓசை அவர் காதில் விழுகிறது. என்ன நடக்கிறது என்று கேட்கிறார். நாசரேத்தூர் இயேசு அவ்வழியே போவதாக அருகிலிருந்தவர்கள் அறிவிக்கிறார்கள். அதன் பிறகே அவர் ஆண்டவரைப் பெயர் சொல்லிக் கூவியழைக்கிறார். அந்த ஒற்றை வாக்கியத்தை எவரும் சொல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆண்டவர் கடந்து போயிருப்பார். பார்வையற்றவர் வெறும் இரைச்சலைக் கேட்டபடி அங்கேயே அமர்ந்திருப்பார்.

விடை சொன்னவர் யாரென்று நற்செய்தியாளர் குறிப்பிடவில்லை. அவர் திருத்தூதரா, வழிப்போக்கரா, நமக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்த பணி தெரியும். கூட்டத்தில் எத்தனை பேர், என்ன நிற உடை, எவ்வளவு புழுதி என்றெல்லாம் அவர் விவரிக்கவில்லை. 'ஏதோ கூட்டம்' என்று தட்டிக்கழிக்கவும் இல்லை. அக்காட்சியில் கேட்பவருக்கு எது இன்றியமையாததோ அதைச் சில சொற்களில் சொன்னார். நல்ல மாற்றுரைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை.

அதே பகுதியில் இன்னொரு குழுவும் உண்டு. பார்வையற்றவரை அதட்டிப் பேசாதிருக்கச் சொன்னவர்கள் அவர்கள். அவர்கள் யார்? கூட்டத்துக்கு முன்னே நடந்து சென்றவர்கள் என்கிறார் லூக்கா. முன்னே நடப்பவர்கள்! குருக்களும், பங்குப்பேரவையினரும், பணிக்குழுச் செயலர்களும், பள்ளித் தாளாளர்களும் இச்சொல்லைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இரண்டு குழுக்களில் எதில் நிற்கிறோம்?

கிரகோரியாரின் வாதம் இன்று

திருச்சபையில் படங்களுக்கு ஏன் இடம் தந்தோம் என்பதை நினைவுகூர்வது நலம். கி.பி. 600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்செய் நகர ஆயர் செரேனுஸ், மக்கள் ஆலயப் படங்களை வழிபடுகின்றனர் என அஞ்சி அவற்றை உடைத்தெறிந்தார். பெரிய கிரகோரியார் எனப்படும் திருத்தந்தை அவருக்கு மடல் எழுதிக் கண்டித்தார். படங்களை வழிபடலாகாது என்பது சரியே. ஆனால் உடைக்கவும் ஆகாது. ஏனெனில் படிப்பறிந்தோர் நூலில் காண்பதைப் படிப்பறியாதோர் படத்தில் காண்கின்றனர் என்பது அவருடைய வாதம். 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கமும் படங்களுக்கு உரிய வணக்கத்தை உறுதிசெய்தது.

அன்று படம் ஏன் நியாயப்படுத்தப்பட்டது? எழுத்தால் விலக்கப்பட்ட எளியவரை உள்ளே அழைத்துவர. இன்று அதே படம் வேறொரு எளியவரை வெளியே நிறுத்துமானால், கிரகோரியாரின் வாதத்தை நாம் தலைகீழாக்கிவிட்டோம். வாசிக்க இயலாதவருக்காக எழுத்தைப் படமாக்கிய திருச்சபை, பார்க்க இயலாதவருக்காகப் படத்தை எழுத்தாக்கக் கடமைப்பட்டுள்ளது. நம்பிக்கை கேட்பதால் வருகிறது என்று உரோமையருக்கு எழுதிய பவுலடியாரின் வழிவந்தவர்களுக்கு (உரோ 10:17) இது புதிய படிப்பினை அல்லவே!

தமிழுக்கும் இது புதிதன்று. இரட்டைப் புலவரைப் பற்றி நாம் சிறுவயதில் படித்திருக்கிறோம். ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. ஒருவர் தூக்கிச் சுமக்க, மற்றவர் கண்டதைச் சொல்லி வழிகாட்ட, இருவரும் சேர்ந்து பாடினர் என்பது வழக்கு. கண்டதைச் சொல்வது அங்கே பிச்சையிடுதல் அன்று. தோள்மேல் அமர்ந்திருப்பவர் செய்ய வேண்டிய கடமை. யூதேய நாட்டைக் கண்டிராத தமிழருக்கு அந்நாட்டைச் சொல்லால் காட்டிய வீரமாமுனிவரைப் பெற்றவர்கள் நாம். ஒரு கொடியேற்றப் படத்தை இரண்டு வரியில் சொல்ல நமக்கா தமிழ் போதாது?

சொல்லப்படும் சாக்குகள்

இதைக் குறித்துக் குருக்களிடமும் பொதுநிலையினரிடமும் பேசியபோது நாம் கேட்ட மறுப்புகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

'நம் பங்கில் பார்வையற்றோர் ஒருவரோ இருவரோதானே?' என்பது முதலாவது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அந்த எண்ணைவிட வலிமையான விடை நம் கையில் உண்டு. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனைக் குறித்து மறையுரை ஆற்றுகிறவர்கள், ஒன்றுதானே என்று கணக்குப் பார்க்கும் உரிமையை இழந்துவிட்டார்கள். மேலும், இந்தப் பட்டாசு மண்டலத்தில் அந்த ஒருவர் யார்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோரின் எண்ணிக்கை செய்தித்தாளில் வருகிறது. கண்ணும் கையும் இழந்து பிழைத்தவர்களின் பிற்கால வாழ்வு எச்செய்தியிலும் வருவதில்லை. நாம் கொண்டாடும் ஒளிக்காக இருளை ஏற்றவர்கள் அவர்கள். அவர்களிடம் எண்ணிக்கை பேசுவது அறமாகாது.

'படமே பேசுமே, விளக்கம் எதற்கு?' என்பது இரண்டாவது. படம் பேசுவது கண்ணோடு மட்டுமே. செவியோடு பேச அதற்கு நாவு இல்லை. அந்த நாவை நாம் தர வேண்டும்.

'நேரம் இல்லை' என்பது மூன்றாவது. திருவிழா அழைப்பிதழின் வண்ணம் பொருத்தமா, எழுத்து அழகா, யாருடைய நிழற்படம் மேலே, யாருடையது கீழே என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். நன்கொடையாளர் பெயர் விடுபட்டால் மறுபடியும் அச்சிடுகிறோம். இரண்டு நிமிடம் செலவிட்டு இரண்டு வாக்கியம் எழுதத்தான் நேரம் இல்லை என்றால், நேரம் அன்று, மனமே இல்லை என்று பொருள்.

'இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இயந்திரமே சொல்லிவிடும்' என்பது நான்காவது. இது படித்தவர்கள் சொல்லும் சாக்கு. 2016-இலேயே முகநூல் நிறுவனம் படங்களுக்கு இயந்திர விளக்கம் தரத் தொடங்கியது. மனிதர்கள், வானம், மரம் என்று அது பட்டியலிட்டது. இன்றைய இயந்திரங்கள் அதைவிடப் பன்மடங்கு நன்றாகவே சொல்கின்றன. பார்வையற்ற நண்பர்கள் பலர் அவற்றால் பயன் பெறுகிறார்கள், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழையும் அவற்றுக்கு உண்டு. அதற்கும் மேலாக, நாம் ஏன் அந்தப் படத்தைத் தேர்ந்தோம் என்பதை இயந்திரம் அறியாது. கல்லறையில் நிற்கும் ஒரு குடும்பத்தின் படத்தைப் பார்த்து 'நான்கு பேர் வெளியில் நிற்கிறார்கள்' என்று அது சொல்லக்கூடும். அந்த நால்வரும் யாரை இழந்து நிற்கிறார்கள் என்பதைப் படத்தை வெளியிட்ட நாமே அறிவோம். அறிந்தவர் வாய்மூடியிருக்க, அறியாத இயந்திரத்தைச் சாட்சி சொல்ல அழைப்பது நேர்மையா?

'மாற்றுத்திறனாளிகளுக்கு நாம் செய்யாத உதவியா?' என்பது ஐந்தாவது. டிசம்பர் 3 அன்று உலக மாற்றுத்திறனாளிகள் நாள் கொண்டாடுகிறோம். வெண்கோல் வழங்குகிறோம், விருந்தளிக்கிறோம், அதைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுகிறோம். அந்தப் படத்துக்கு மாற்றுரை எழுதுகிறோமா? வெண்கோலைப் பெற்றவரே தம் படத்தில் என்ன இருக்கிறது என்று அறிய முடியாதபடி அதை வெளியிடுகிறோம். யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் சீடர்கள் பிறவியிலேயே பார்வையற்றவரைப் பார்த்து, பாவம் செய்தது இவரா இவர் பெற்றோரா என்று கேட்கிறார்கள். அவரைப் பற்றிப் பேசினார்கள், அவரோடு பேசவில்லை. நம் விழாக்கள் பலவற்றின் நிலையும் இதுவே.

இரக்கம் அன்று, உரிமை

இது புதிதாக முளைத்த கோரிக்கை அன்று. படத்துக்கு மாற்றுரை தரும் வசதி 1995-இல் வெளியான எச்டிஎம்எல் 2.0 தரநிலையிலேயே இருந்தது. அதே ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில்தான் வத்திக்கானும் இணையத்தில் காலடி வைத்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 மே 5 அன்று வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் முதல் விதியே படத்துக்கும் ஒலிக்கும் இணையான மாற்று தர வேண்டும் என்பதுதான். 2023 அக்டோபரில் வெளியான 2.2 பதிப்பிலும் அது மூன்று படிநிலைகளில் அடிப்படையான முதல் படியிலேயே உள்ளது. அதாவது, சிறப்புத் தேர்ச்சிக்கு உரியதன்று, தேர்வு எழுதும் தகுதிக்கே உரியது.

நம் நாடு ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2007-இல் ஏற்றது. 2016-இல் நாடாளுமன்றம் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அவர்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக நின்றால் போதாது, கட்டாயமான தரநிலைகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் ஆகியோர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். வங்கிக் கணக்குக்கு அடையாளம் காட்டக் கண் சிமிட்டுமாறு இயந்திரம் கேட்க, அமில வீச்சால் சிமிட்ட இயலாதவர்களும் பார்வையற்றவர்களும் என்ன செய்வது என்பது அங்கே எழுந்த கேள்வி. எண்மச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று அவர்கள் தீர்ப்பளித்து, 20 நெறிமுறைகளை வழங்கினர்.

நீதிமன்றம் வாழ்வுரிமை என்று அழைப்பதை நாம் இன்னும் 'முடிந்தால் செய்யலாம்' என்று வைத்திருக்கிறோம். சமூகத் தொடர்புச் சாதனங்கள் குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே தனி ஆணை வெளியிட்டது. 2002 பிப்ரவரியில் இணையத்தைக் குறித்துத் திருப்பீடம் வெளியிட்ட இரு ஏடுகளில் ஒன்று, எண்ம வசதி உள்ளோர், இல்லாதோர் என்று மானுடம் பிளவுபடுவதை அறநெறிச் சிக்கலாகவே கண்டது. எழுத்தாளர்களின் பாதுகாவலராகிய புனித பிரான்சிஸ் சலேசியாரே காது கேளாதோரின் பாதுகாவலராகவும் போற்றப்படுகிறார். செவித்திறனற்ற ஒருவருக்கு அவர் சைகைகளால் மறைக்கல்வி கற்பித்தார். எழுதுகோல் பிடித்தவருக்கு அந்தக் கடமையும் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பிற சபையினரையும் பார்ப்போம். ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். நூற்றாண்டுக்கு முன் விரல் நுனிக்கு எழுத்தைக் கொண்டுசேர்த்தவர்கள் அவர்கள். இன்று செவிக்குப் படத்தைக் கொண்டுசேர்க்க நமக்கு ஒரு கட்டடமும் வேண்டாம், ஒரு ரூபாயும் வேண்டாம்.

எப்படி எழுதுவது?

குறை சொல்லி விலகுவது நம் நோக்கமன்று. நம் பங்கில் தட்டுத்தடுமாறிக் கற்றதைப் பகிர்கிறோம்.

திருவிழாவுக்கு வர இயலாமல் வெளியூரில் இருக்கும் அண்ணனிடம் தொலைபேசியில் எப்படிச் சொல்வீர்களோ, அப்படி எழுதுங்கள். 'இது ஒரு படம்' என்று தொடங்க வேண்டாம், படம் என்பதைக் கருவியே சொல்லிவிடும். 'புனிதை ஒருவர்' என்று எழுதினால் பயனில்லை. 'புனித லூசியா கையில் தட்டு ஏந்தி நிற்கிறார், தட்டில் இரு கண்கள்' என்று எழுதினால், பார்வையற்றோரின் பாதுகாவலியை அவர்களும் அறிந்துகொள்வர்.

அறிவிப்பானால் அதில் உள்ள பெயர், நாள், நேரம், இடம் அனைத்தையும் எழுத்தாகவே தர வேண்டும். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் மாற்றுரை எழுத இடம் உண்டு. வாட்ஸ்அப்பில் படத்தின் கீழேயே எழுதிவிடலாம். முத்திரையிட்ட சுற்றுமடல்களை நிழற்படமாக்கி அனுப்பும்போது, அதே செய்தியை எழுத்து வடிவிலும் இணைக்க வேண்டும். கணக்கு விளக்கப்படமானால் எண்களைச் சொல்ல வேண்டும். ஓரத்தில் அழகுக்காக வைத்த பூவுக்கு இணையதளத்தில் விளக்கத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம். அப்போது கருவி அதைத் தாண்டிச் செல்லும். கேட்பவரின் நேரமும் மதிப்புக்குரியது.

மனிதரை விவரிக்கையில் அவர் எதிரே நின்றால் எப்படிப் பேசுவோமோ அப்படியே எழுத வேண்டும். தீக்காயம் பட்ட தொழிலாளியின் படத்துக்கு 'பரிதாபத்துக்குரியவர்' என்பது விளக்கமன்று, அது நம் உணர்ச்சி. 'முகத்திலும் வலக்கையிலும் தீக்காய வடுக்களுடன் ஒருவர், மகளின் பள்ளிச் சான்றிதழை உயர்த்திக் காட்டுகிறார்' என்பது விளக்கம்.

இவற்றை நமக்குக் கற்பித்தவர் அந்த இளைஞரே. இன்று நம் பங்கின் எந்த அறிவிப்பும் முதலில் அவருடைய கைப்பேசிக்கே செல்கிறது. அவர் கேட்டுவிட்டுச் சரி என்று சொன்ன பிறகே குழுவுக்குப் போகிறது. ஒருமுறை ஆலயத் தேரின் படத்துக்கு 'அழகிய தேர்' என்று நாம் எழுதியிருந்தோம். "அழகுன்னா அதுல என்ன இருக்கு சாமி? பூவா, லைட்டா? அதைச் சொல்லுங்க, அழகா இல்லையான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்றார். இறையியல் கல்லூரியில் நாம் பயின்ற ஆண்டுகளில் மானிட மாண்பைக் குறித்து இத்தனை சுருக்கமான பாடத்தை நாம் கேட்டதில்லை. உதவி பெறுபவராக நாம் நினைத்தவர் நம் எழுத்துக்கு நடுவராக அமர்ந்திருக்கிறார்.

நாம் கேட்பவை

பங்குத்தந்தையரே, இந்த மாதத்தில் வெளியிட்ட பத்துப் படங்களைத் திரைவாசிப்பானை இயக்கிக் கண்மூடிக் கேட்டுப் பாருங்கள். அதன் பின் எங்களோடு வாதிட வேண்டும் என்று தோன்றினால் வாதிடுங்கள். பணிக்குழுச் செயலர்களே, எழுத்து வடிவம் இல்லாத அறிவிப்புப் படம் வெளியாகாது என்று ஒரு வரித் தீர்மானம் போடுங்கள். கத்தோலிக்கப் பள்ளிகளின் பொறுப்பாளர்களே, மாணவர் சேர்க்கை விவரத்தைப் படமாக வெளியிடுவது, பார்வையற்ற பெற்றோர் ஒருவருக்கு உங்கள் வாயிற்கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும். அன்பியங்களின் இளையோரே, வடிவமைக்கும் திறமை உங்களிடம் இருக்கிறது, விவரிக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சிவகாசியில் அச்சுத் தொழில் நடத்தும் நம் விசுவாசிகளே, வாடிக்கையாளருக்கு அழைப்பிதழின் படக் கோப்பை அனுப்பும்போது அதன் எழுத்து வடிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அது ஏற்கெனவே உங்கள் கணினியில் தட்டச்சாகி இருப்பதுதானே!

பட்டாசு ஆலைகளில் இனி ஒரு கண்ணும் பறிபோகாதிருக்கப் போராட வேண்டியது நம் முதற்கடமை. அதற்கு இக்கட்டுரை மாற்று அன்று. ஆனால் பறிபோன கண்களைத் திருப்பித் தரும் ஆற்றல் நமக்கு இல்லை. எரிகோவில் ஆண்டவர் செய்ததை நாம் செய்ய இயலாது. எரிகோவில் அந்தப் பெயரறியாத மனிதர் செய்ததை, கடந்து செல்பவர் யாரென்று சொன்னதை, நாம் ஒவ்வொருவரும் செய்ய இயலும். அதைச் செய்யாதிருக்க நம்மிடம் இனி எந்தச் சாக்கும் இல்லை.

அடுத்த நவம்பரில் அந்த விபத்தின் நினைவுத் திருப்பலி மீண்டும் வரும். அறிவிப்பும் வரும். அவருடைய கைப்பேசி அப்போது 'படம்' என்று சொல்லி நிற்காது. தம்பியின் பெயரைச் சொல்லும்.